201 நிமிடம்: ஒரு விளையாட்டுப் புத்தகத்தின் விலையும் மதிப்பும்

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டுக்கு மூன்று அடிப்படை நூல்கள் உண்டு. ஒன்று ஆடுபவருக்கான கையேடு, இன்னொன்று ஆட்டத்தை நடத்துபவருக்கான கையேடு, மூன்றாவது அரக்கர்களின் தொகுப்பு. 2024 செப்டம்பரிலிருந்து 2025 பிப்ரவரிக்குள் மூன்றும் புதிய பதிப்பாக வந்தன. ஒவ்வொன்றின் விலையும் 49.99 டாலர். ஒரு டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மூன்றுக்கும் சேர்த்து ஏறத்தாழ 12,750 ரூபாய் ஆகிறது. தபால் செலவு தனி. பகடைகள், சிறு பொம்மைகள், மறைப்புத் தட்டி, வரைபட விரிப்பு ஆகியவையும் தனி.

நான் பெருமுக்கலில் இருந்து எழுதுகிறேன். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில், மலையும் மலைமேல் ஒரு சிவன் கோயிலும் உள்ள ஊர். கிழக்கே போகப்போக வயல் குறைந்து உப்பளம் வரும். இங்கிருந்து பார்க்கும்போது 12,750 என்பது வேறு கணக்காகத் தெரிகிறது. 2024-25ஆம் ஆண்டில் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட நாள் கூலி 319 ரூபாய். அப்படியானால் மூன்று புத்தகங்களின் விலை 40 நாள் கூலி. மாதம் 1000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை வாங்கும் ஒரு பெண் ஓராண்டுத் தொகையை அப்படியே எடுத்து வைத்தாலும் இன்னும் 750 ரூபாய் குறையும்.

இதைச் சொன்னதும் "அது பணக்காரப் பையன்களின் விளையாட்டு, நமக்கு எதற்கு?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். பலர் அப்படித்தான் நகர்கிறார்கள். எனக்கு அந்த முடிவில் உடன்பாடில்லை. விலை அதிகம் என்பது உண்மை. ஆனால் அந்த விலை எதற்குக் கொடுக்கப்படுகிறது, அட்டையில் அச்சிடப்படாத விலை ஒன்று இருக்கிறதா, அதை யார் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்காமல் நகர்ந்துவிட்டால், விளையாட்டு என்பதையே பெண்கள் மறுபடியும் விட்டுக்கொடுத்ததாகிவிடும்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான்கைந்து பேர் உட்காருகிறார்கள். ஒருவர் கதையை நடத்துகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை உருவாக்கி, அந்தப் பாத்திரமாகவே பேசி முடிவெடுக்கிறார்கள். "கதவைத் தள்ளிப் பார்க்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், கதவு திறந்ததா என்பதைப் பகடை சொல்லும். ஒரு அமர்வு மூன்று நான்கு மணி நேரம் போகும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் எழுதி 1974இல் அமெரிக்காவில் முதலில் வெளிவந்தபோது, ஒரு சிறு பெட்டிக்குள் மூன்று மெல்லிய கையேடுகள் இருந்தன. விலை 10 டாலர். அச்சானது 1000 பிரதிகள். இன்று அது ஹாஸ்ப்ரோ என்ற பெருநிறுவனத்தின் சொத்து.

இந்தப் புத்தகங்கள் பெண்களை எப்படி எழுதின என்பதிலிருந்து தொடங்குவோம். 1978இல் வந்த ஆடுபவர் கையேட்டில், மனிதப் பெண் பாத்திரத்தின் உடல் வலிமைக்கு ஆணைவிடக் குறைந்த உச்சவரம்பு வைத்திருந்தார்கள். நெருப்பு கக்கும் பறவை நாகம் அந்த உலகத்தில் இயல்பு, ஆணுக்கு நிகரான வலிமை கொண்ட பெண் மட்டும் இயல்பில்லை. 1979இல் வந்த நடத்துபவர் கையேட்டின் பின்னிணைப்பில், நகரத் தெருவில் எதிர்ப்படக்கூடிய பாலியல் தொழிலாளிகளை வகைவகையாகப் பிரித்த பட்டியலே இருந்தது. பகடையை உருட்டி எந்த வகை என்று பார்த்துக்கொள்ளலாம். வலிமைக்கான வரம்பு 1989ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில் நீக்கப்பட்டது. 2014 பதிப்பு, பாத்திரத்தின் பால் அடையாளம் ஆடுபவரின் விருப்பம் என்று வெளிப்படையாகச் சொன்னது. வாங்கி ஆடிய பெண்களும் கேள்வி கேட்ட பெண்களும் இல்லாமல் இந்த மாற்றம் வந்திருக்காது. லீ கோல்ட் என்ற பெண் 1975இலேயே இந்த விளையாட்டைப் பற்றிய சிற்றிதழ் ஒன்றைத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் நடத்தினார் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

ஜீன் வெல்ஸின் கதை மதிப்பு என்ற சொல்லையே கேள்வி கேட்க வைக்கிறது. இந்த விளையாட்டை வெளியிட்ட டிஎஸ்ஆர் நிறுவனம் 1979இல் வேலைக்கு எடுத்த பெண் வடிவமைப்பாளர் அவர். 1981இல் அவர் எழுதிய 'பேலஸ் ஆஃப் தி சில்வர் பிரின்சஸ்' என்ற சாகச நூல் அச்சாகி வந்ததும், அதிலிருந்த சில ஓவியங்களுக்காக நிறுவனமே அதைத் திரும்பப் பெற்று அழித்தது. டாம் மோல்ட்வே என்பவர் திருத்தி எழுதிய பதிப்பு பிறகு வெளிவந்தது. அழிவிலிருந்து தப்பிய ஆரஞ்சு அட்டைப் பிரதிகளுக்கு இன்று சேகரிப்பாளர்கள் ஆயிரக்கணக்கான டாலர் கொடுக்கிறார்கள். ஒரு பெண்ணின் எழுத்து அழிக்கப்பட்டதால் அரிதாகி, அரிதானதால் விலை ஏறியிருக்கிறது. அந்த விலையில் எழுதியவளுக்குப் பங்கில்லை. சந்தை கணக்குப் பார்க்கும் மதிப்பு இப்படிப்பட்டது.

இனி புத்தகத்துக்குள் இருக்கும் விலைப்பட்டியலுக்கு வருகிறேன். பெருமுக்கலில் நாங்கள் ஆறு பெண்கள் சில மாதங்களாக ஞாயிறு பிற்பகல்களில் இதை ஆடுகிறோம். நண்பர் ஒருவர் கொடுத்த 2014 பதிப்புதான் எங்களிடம் இருக்கிறது. மூன்று நூல்களும் சேர்ந்து ஆயிரம் பக்கத்தை நெருங்கும் ஆங்கிலம். நான் படித்துத் தமிழில் சொல்கிறேன். எங்களில் மூவர் திண்டிவனத்தில் படிக்கும் மாணவிகள். ஒருவர் மரக்காணத்து உப்புப் பாத்திகளில் பல வருடம் உப்பு சுமந்து, இப்போது மகள் வீட்டோடு இருக்கும் முதியவர். மாணவிகள் அவரை ஆயா என்றே கூப்பிடுகிறார்கள்.

அந்த உலகத்தில் பத்துச் செப்புக் காசு ஒரு வெள்ளி, பத்து வெள்ளி ஒரு பொன். சாகசத்துக்குக் கிளம்பும் முன் சாமான் வாங்க வேண்டும் என்பதால் விலைப்பட்டியலைப் படித்துக் காட்டினேன். நீண்ட வாள் 15 பொன். முழு உலோகக் கவசம் 1500 பொன். ஒரு ராத்தல் உப்பு 5 செப்பு. பயிற்சியில்லாத கூலியாளுக்கு நாள் ஒன்றுக்கு 2 வெள்ளி. ஆயா நிறுத்தச் சொன்னார். "இரு கண்ணு. கூலி ரெண்டு வெள்ளின்னா இருவது செப்பு. உப்பு ராத்தல் அஞ்சு. அப்போ நாலு ராத்தல் உப்புக்கு ஒரு நாளெல்லாம் சாவணுமா? அங்க உப்பு விக்கிறவன் எவன், அவனப் போய்ப் பாக்கலாம்" என்றார்.

அவர் போட்ட கணக்கை நாங்கள் நீட்டிப் பார்த்தோம். ஒரு வாளின் விலை கூலியாளின் 75 நாள் சம்பளம். முழுக் கவசம் 7500 நாள் சம்பளம், அதாவது விடுமுறை இல்லாமல் இருபது வருடத்துக்கு மேல். ஆடுபவரின் பாத்திரமோ வாளோடும் கவசத்தோடும்தான் கதைக்குள் நுழைகிறது. அதாவது, புத்தகம் தன் வாசகரை ஒருநாளும் கூலிக்குப் போகாத ஒருவராகவே கற்பனை செய்கிறது. கூலியாள் அந்த உலகத்தில் விலைப்பட்டியலின் ஒரு வரி. விளக்கு எண்ணெய்க்கும் கயிற்றுக்கும் அருகே அவரும் வாங்கக் கிடைக்கிறார். அவருக்குப் பெயர் இல்லை, பாத்திரம் இல்லை. டிராகனுக்குக்கூட இரண்டு பக்கம் ஒதுக்கியவர்கள் இவருக்கு ஒதுக்கியது அந்த ஒரு வரிதான்.

உப்பளத்தில் வேலை செய்தவருக்கு இது கண்ணில் படாமல் போகாது. அங்கே வெயில் காலமே வேலைக் காலம். வடகிழக்குப் பருவமழை இறங்கினால் பாத்தி கரைந்துவிடும், கூலியும் நின்றுவிடும். மழைக்கால நிவாரணமாக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5000 ரூபாய் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது அதனால்தான். உப்பின் விலைக்கும் உப்பு சுமந்தவளின் கூலிக்கும் உள்ள இடைவெளியைத் தலையில் சுமந்து பழகியவர், அதே இடைவெளியை ஒரு மாயாஜாலப் புத்தகத்தில் முதல் வாசிப்பிலேயே கண்டுபிடித்தார். அன்று நாங்கள் திட்டமிட்டிருந்த குகைக்குப் போகவில்லை. உப்பு வணிகனின் கிடங்குக்குப் போனோம். அவன் வைத்திருந்த எடைக்கல் பொய்யானது என்று ஆயாவின் பாத்திரம் கண்டுபிடிக்க முயன்று, பகடை சரியாக விழாமல் தோற்றது. அடுத்த வாரமும் அங்கேயே போக வேண்டும் என்று அடம்பிடித்தார்.

இதைச் செய்ய விடுவதுதான் இந்த ஆட்டத்தின் மதிப்பு. புத்தகம் யாரைக் கற்பனை செய்தது என்பதை மீறி, ஆடுபவர் தன் கேள்வியோடு உள்ளே வரலாம். விதிகள் இன்னொன்றையும் தருகின்றன, அது முறை. ஒவ்வொருவருக்கும் முறை வரும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். வயதோ, சாதியோ, உரத்த குரலோ பகடைக்குத் தெரியாது. வகுப்பில் வாய் திறக்காத ஒரு மாணவி "என் முறை" என்று சொல்லிக் கையை நீட்டுவதை இங்கே கண்டேன். 'கிளெரிக்' என்ற பாத்திர வகையைப் பூசாரி என்று நான் தமிழாக்கியபோது, "பொம்பளைங்க ஆகலாமா அக்கா?" என்று அவள் கேட்டாள். ஆட்டத்தில் தடையில்லை. வெளியிலும் 2023இல் தமிழ்நாடு அரசின் அர்ச்சகர் பயிற்சியை மூன்று பெண்கள் முடித்திருக்கிறார்கள். அவள் பூசாரியானாள். கருவறைக்குள் நின்று பேசுவது எப்படி இருக்கும் என்று மூன்று மணி நேரம் பேசிப் பார்த்தாள். அந்த மூன்று மணி நேரத்துக்கு விலை போட எனக்குத் தெரிந்த நாணயம் இல்லை.

அப்படியானால் 12,750 ரூபாய் எதற்கு? உபகரணத்திலிருந்து பார்ப்போம். நான்கு, ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு, இருபது முகங்கள் கொண்ட பகடைகள் வேண்டும் என்கிறார்கள். 1979 வாக்கில் அமெரிக்காவிலேயே இந்தப் பகடைகளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, வெட்டிக் குலுக்கி எடுக்க எண்ணிட்ட காகிதச் சீட்டுகளைப் பெட்டிக்குள் வைத்து விற்றார்கள். சீட்டுக் குலுக்குவதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் இருபது முகப் பகடை ஓர் எவர்சில்வர் டம்ளரும் இருபது காகிதத் துண்டுகளும்தான். எதிரிகளுக்குப் புளியங்கொட்டை, நமக்குச் சோழி. பொம்மைகளும் விரிப்பும் அழகானவை, கையில் எடுத்தால் ஆசை வரும். ஆனால் ஆட்டம் அவற்றில் இல்லை.

இப்படிச் சொல்லும்போது, பல்லாங்குழியும் தாயமும் பரமபதமும் இருக்க இதெல்லாம் எதற்கு என்ற பெருமைப் பேச்சு வரும். அந்த விளையாட்டுகள் செலவில்லாதவை என்று நினைக்கிறோம். அவற்றுக்கும் ஒரு விலை இருந்தது. பரமபதத்தை இரவெல்லாம் ஆட வைகுண்ட ஏகாதசி விரதம் வேண்டியிருந்தது. பல வீடுகளில் பெண்கள் பல்லாங்குழியை மணிக்கணக்காக ஆடியது, தூரமாய் உட்கார வைக்கப்பட்ட நாட்களில். அடுப்படிக்குள் வரக்கூடாது என்றபோதுதான் அவர்களுக்கு நேரம் கிடைத்தது. தூரமென்று ஒதுக்கி உட்கார வைக்க வீட்டில் வேறு ஆள் இருந்த குடும்பங்களுக்கே அதுவும் வாய்த்தது. கூலிக்குப் போன பெண்களுக்குத் தூரமும் இல்லை, பல்லாங்குழியும் இல்லை.

பாத்திரமேற்று ஆடுவதும் நமக்குப் புதிதல்ல. சொப்பு வைத்துச் சோறாக்கி, மணலில் வீடு கட்டி, அம்மாவாகவும் கடைக்காரியாகவும் மாறி ஆடாத சிறுமி எந்த ஊரில் இருக்கிறாள்? நம் இலக்கியம் அந்த மணல் வீட்டுக்குச் சிற்றில் என்று பெயர் வைத்தது. ஆனால் பிள்ளைத்தமிழில் சிற்றில் என்பது ஆண்பால் பருவம். சிறுமிகள் கட்டியதைச் சிறுவன் காலால் சிதைப்பதும், சிதைக்காதே என்று அவர்கள் கெஞ்சுவதும் அங்கே பாடுபொருள். நாச்சியார் திருமொழியில் ஆண்டாளும் அந்தக் கெஞ்சலை ஒரு பதிகம் முழுக்கப் பாடியிருக்கிறார். பெண்ணின் கற்பனை உலகம் கலைக்கப்படுவதை நாம் நெடுங்காலமாக அழகென்று ரசித்து வந்திருக்கிறோம். விளையாட்டுக்கு மதிப்பில்லை என்பதல்ல இதன் பொருள். யாருடைய விளையாட்டுக்கு மதிப்பு என்பதுதான் கேள்வி.

பெருநிறுவனங்களுக்கு இந்தக் கேள்வி நன்றாகவே புரியும். எலிசபெத் மேகி 1904இல் காப்புரிமை பெற்ற நில உடைமையாளர் விளையாட்டு, நில ஏகபோகத்தின் கேட்டை விளக்க உருவானது. அதன் வாரிசுதான் மோனோபொலி. 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் மேகியின் உரிமையை 500 டாலருக்கு வாங்கியது. அந்நிறுவனம் பின்னர் ஹாஸ்ப்ரோவின் கைக்குப் போனது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸும் இப்போது அதே கையில். 2022 டிசம்பரில், இந்த விளையாட்டிலிருந்து ஈட்ட வேண்டிய அளவுக்குப் பணம் ஈட்டப்படவில்லை என்ற பொருளில் அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் முதலீட்டாளர்களிடம் பேசினார். ஆடுபவர்களில் ஐந்தில் ஒரு பங்கினரான நடத்துபவர்களே அதிகம் செலவழிக்கிறார்கள் என்றும் சொன்னார். அப்படிச் சொன்னவரும் ஒரு பெண்தான். தலைமையில் பெண் இருந்தால் கணக்கு மாறிவிடாது என்பதற்கும் இது சான்று.

ஐந்தில் ஒருவர் என்பதைக் கவனியுங்கள். புத்தகம் வாங்குவதும், படிப்பதும், கதை தயாரிப்பதும், எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைப்பதும், சண்டை வந்தால் சமாதானம் செய்வதும் அந்த ஒருவர். மற்றவர்கள் வந்து ஆடிவிட்டுப் போகிறார்கள். விருந்தில் பரிமாறுகிறவளின் இடம் அது. இந்த உழைப்பு எந்த விலைச்சீட்டிலும் இல்லை. ஆனால் இது இல்லாவிட்டால் மூன்று புத்தகங்களும் அலமாரியில் வெறும் தாள்.

அடுத்த மாதமே அந்நிறுவனம் பழைய உரிம ஏற்பாட்டை இறுக்கப் பார்த்தது. ஆடுபவர்கள் திரண்டு எதிர்த்தார்கள். விளைவாக 2023 ஜனவரி இறுதியில், ஆட்டத்தின் அடிப்படை விதிகளைத் தொகுத்த ஆவணம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்பட்டது. 2024 பதிப்பின் விதிகளும் 2025இல் அவ்வாறே வந்தன. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், யாரும் அதை நகலெடுக்கலாம், தமிழாக்கலாம், விற்கவும் செய்யலாம். ஆயா கண்டுபிடித்த உப்பு விலையும் கூலியும் அந்த இலவச ஆவணத்திலேயே இருக்கின்றன. ஆகவே 49.99 டாலருக்கு நாம் வாங்குவது ஆட்டத்தை அல்ல. ஓவியம், கட்டமைப்பு, எல்லாம் ஓரிடத்தில் கிடைக்கும் வசதி, மேலும் கதைகள் ஆகியவற்றைத்தான்.

அவை வீண் என்று சொல்லமாட்டேன். 2022இல் வந்த 'ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டடல்' தொகுப்பில், கொல்கத்தாவைச் சேர்ந்த தலித் பெண் எழுத்தாளர் மிமி மொண்டல் வங்கத்தின் ஆறுகளையும் காடுகளையும் மனத்தில் வைத்து சங்கபூமி என்ற நிலத்தை உருவாக்கினார். ஐரோப்பியக் கோட்டைகளே உலகம் என்றிருந்த நூல் வரிசையில் அது பெரிய நகர்வு. எழுதியவருக்கும் வரைந்தவருக்கும் கூலி போக வேண்டும், அந்தக் கூலி புத்தக விலையிலிருந்துதான் போகும். இலவசமே நல்லது என்று பேசும்போது எழுதுகிறவளின் கூலியையும் சேர்த்து அடித்துவிடக்கூடாது. ஆனால் அந்த நிலத்தின் பெண்கள் அந்தப் புத்தகத்தை வாங்க முடியாது என்பதும் அதே அளவு உண்மை. இந்த இரண்டையும் ஒன்றாகப் பேசினால்தான் விமர்சனம் முழுமையாகும்.

இப்போது அட்டையில் அச்சிடாத விலைக்கு வருகிறேன். இந்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் அதில் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம். வித்தியாசம் 201 நிமிடம், அதாவது மூன்று மணி 21 நிமிடம். ஏறத்தாழ ஓர் அமர்வு.

எங்கள் ஆட்டம் முழுதாக நடந்த ஞாயிறுகளை விரல்விட்டு எண்ணலாம். குழாயில் தண்ணீர் வந்தது என்று ஒருவர் எழுந்து போவார். மாமியாருக்கு மாத்திரை கொடுக்க இன்னொருவர். "இன்னுமா முடியல?" என்று மாணவிகளின் கைப்பேசிக்கு அழைப்பு வந்துகொண்டே இருக்கும். விடியல் பயணப் பேருந்து வந்த பிறகு, போய்வரும் காசுக்கு யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை என்பது பெரிய விடுதலை. ஆனால் பயணம் இலவசமாவது போல நேரம் இலவசமாகவில்லை. அதே ஞாயிறு முழுதும் ஏரிக்கரையில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். மட்டையின் விலையையோ நேரத்தின் விலையையோ அவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

ஆகையால் படிக்கிற பெண்களிடம் நான் சொல்வது இதுதான். தனித்தனியாகப் புத்தகம் வாங்கக் கடன்பட வேண்டாம். கல்லூரி நூலகத்திலும் கிளை நூலகத்திலும் ஒரு தொகுதி வாங்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள், விளையாட்டு நூலும் நூல்தான். இலவச விதிகளைப் பிரித்துக்கொண்டு தமிழாக்குங்கள். கூலியாளுக்குப் பெயர் வையுங்கள், விலைப்பட்டியலைத் திருத்துங்கள். நடத்துகிற வேலையை ஒருத்தி தலையிலேயே கட்டாமல் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். வாரத்தில் ஒரு பிற்பகலை உங்களுடையது என்று வீட்டில் சொல்லுங்கள். விரதமென்றோ, தூரமென்றோ, வகுப்பென்றோ சாக்குச் சொல்லாமல், விளையாடப் போகிறேன் என்றே சொல்லுங்கள். முதல் சில வாரம் வீட்டில் முகம் சுளிப்பார்கள். அந்த 201 நிமிடத்தில் ஒரு பங்கையாவது வீட்டிலுள்ள ஆண்கள் எடுத்துக்கொள்ளும் வரை, புத்தகம் இலவசமாகவே கிடைத்தாலும் இந்த விளையாட்டு நமக்கு விலை அதிகமானதுதான்.